கேள்விக்கு முன்னே காலை உணவு

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே,



இந்த வாரத்துத் தியானம் ஒரு பாவ அறிக்கை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்தபின் நம்முடைய ஆலய முற்றத்தில், உங்களில் சிலர் கேட்கத்தக்கதாக, நான் என் மகனை நோக்கிக் கடுமையான வார்த்தைகளைப் பேசினேன். சில வாரங்களாக அவன் ஆராதனைக்கு வராதிருந்தான். அன்றைக்கு வந்தும் பாதியில் எழுந்து வெளியே போய் நின்றான். "போதகரின் வீட்டிலே இருக்கிறவன் போதகரின் பிள்ளையைப்போல இருக்கவேண்டும். முடியாதென்றால் அந்த வீட்டில் இருக்கவேண்டியதில்லை" என்றேன். அடுத்த வாரமே அவன் ஒரு பையோடு ஒட்டாவாவுக்குப் போய்விட்டான்.

நீங்கள் அதைக் கேட்டீர்கள். ஆனாலும் ஒருவரும் என்னிடம் அதைப்பற்றிப் பேசவில்லை. உங்கள் அன்பினால் பேசாதிருந்தீர்கள் என்று அறிவேன். நான் பேசாதிருந்ததற்குக் காரணம் அன்பு அல்ல, வெட்கம். வெளியரங்கமாய்ச் செய்த பிழையை வெளியரங்கமாகவே அறிக்கையிட வேண்டும் என்று உங்களுக்குப் பிரசங்கித்தவன் நான். ஆகையால் இதை எழுதுகிறேன். மகனிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

இந்த மூன்று ஆண்டுகளில் நான் அவனை மறந்திருக்கவில்லை. வாரந்தோறும் கைப்பேசியில் செய்தி அனுப்புவேன். இப்போது அவற்றைத் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன். எல்லாமே கேள்விகள். ஜெபிக்கிறாயா? அங்கே ஏதாவது சபைக்குப் போகிறாயா? ஞாயிறு காலையில் என்ன செய்கிறாய்? எப்போது வருவாய்? அவனுடைய பதில்கள் ஒரு சொல், இரு சொல். பிறகு அதுவும் குறைந்தது. அவன் தாயோடு மாத்திரம் பேசினான்.

உயிர்த்தெழுதலின் பண்டிகை முடிந்த இரண்டாம் வாரத்தில், என் தமக்கையின் மகளுடைய திருமணத்திற்காக அவன் வருகிறான் என்று மனைவி சொன்னாள். வெள்ளி இரவு வந்து, சனிக்கிழமை பிற்பகல் திருமணத்தில் கலந்துகொண்டு, அன்று இரவே திரும்பிவிடுவான். வெள்ளி இரவு அவன் வந்து சேர்ந்தபோது பதினொரு மணி கடந்துவிட்டது. "சுகமா, அப்பா?" என்றான். "சுகம்" என்றேன். படுக்கப் போய்விட்டான்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, அவனிடம் சொல்லவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினேன். பிரசங்கக் குறிப்பைப்போல முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று இலக்கமிட்டு எழுதினேன். என் மனைவி எழுந்து வந்து அந்தத் தாளைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "இஞ்சாருங்கோ, பிள்ளை பிரசங்கம் கேக்க வரேல்லை. பசியோட எழும்பப்போறான்."

அப்படிச் சொல்லிவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து வாஃபிள் அச்சை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

பிரியமானவர்களே, அந்த அச்சைப்பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். மகன் சிறுவனாயிருந்த காலத்தில் சனிக்கிழமைகளில் அவன் விரும்பிக் கேட்பது வாஃபிள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டில் உண்பதை அவனும் தன் வீட்டில் உண்ண விரும்பினான். மனைவி யாரிடமோ கேட்டுப் பழகிச் செய்து கொடுத்தாள். நான் சனிக்கிழமை காலைகளில் மறுநாள் பிரசங்கத்திற்காகக் கதவை மூடிக்கொண்டு படித்துக்கொண்டிருப்பேன். அவன் ஒரு தட்டில் என் பங்கைக் கொண்டுவந்து, கதவைத் தட்டிவிட்டு, மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவான். ஆறின பிறகு உண்பேன். சில நாட்களில் உண்ண மறந்தும் போயிருக்கிறேன். அந்த அச்சில் நான் ஒருமுறையும் கை வைத்ததில்லை.

"எனக்குச் செய்யத் தெரியாதே" என்றேன்.

"தெரியாட்டிப் பரவாயில்லை. செய்யுங்கோ" என்றாள்.

அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். இரண்டு கோப்பைக் கோதுமை மா, நான்கு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கொஞ்சம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு முட்டைகளை உடைத்து, மஞ்சட்கருவைப் பாலோடும் உருக்கிய வெண்ணெயோடும் கலந்தேன். வெள்ளைக்கருவை நுரை எழும்பும்வரை தனியே அடித்தேன். எல்லாவற்றையும் ஒன்றாய்ச் சேர்க்கும்போது நன்றாகக் கலக்கவேண்டும் என்றெண்ணிப் பலமாய்க் கலக்கினேன். "காணும், காணும்" என்று தடுத்தாள். மா கட்டிகட்டியாய் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டுமாம். அதிகமாய்க் கலக்கினால் கோதுமையின் பசைத்தன்மை கூடி, வாஃபிள் தோல்போல இழுபடும். அடித்து எழுப்பிய நுரையும் அமிழ்ந்துபோகும். மென்மையாக இருக்கவேண்டியதைப் பலத்தினால் கெடுக்க முடியும் என்பதை அந்தக் காலையில் முதலாவது கற்றேன்.

அச்சு நன்றாய்ச் சூடேறுமுன்னே மாவை ஊற்றி மூடினேன். பக்கங்களிலிருந்து ஆவி எழும்பிற்று. ஒரு நிமிடம்தான் பொறுத்தேன். வெந்ததோ இல்லையோ என்று திறந்து பார்த்தேன். வாஃபிள் நடுவிலே பிளந்து, பாதி மேல்தட்டிலும் பாதி கீழ்த்தட்டிலும் ஒட்டிக்கொண்டது. கரண்டியால் சுரண்டினேன். இன்னும் மோசமாயிற்று. தீய்ந்த வாசனை வீடெங்கும் பரவியது.

அப்பொழுது மகன் படியிறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றான். முன்கவசம் கட்டிக்கொண்டு, கையெல்லாம் மாவோடு நின்ற தகப்பனைப் பார்த்தான். நான் எழுதிவைத்த தாள் என் சட்டைப் பையில் இருந்தது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. ஒன்றும் என் வாயில் வரவில்லை.

அவன் ஒரு மரக்குச்சியை எடுத்தான். அச்சின் குழிகளுக்குள் ஒட்டியிருந்தவற்றை ஒவ்வொன்றாய் மெல்லத் தள்ளியெடுத்தான். கொஞ்சம் எண்ணெய் தடவினான். சூடேறும்வரை காத்திருந்தான். பிறகு மாவை ஊற்றி, மூடி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அப்பா, ஆவி நிக்கும் மட்டும் திறக்கக் கூடாது" என்றான்.

அதன் விளக்கத்தையும் அவனே சொன்னான். மாவிலுள்ள தண்ணீர் வெப்பத்தினால் ஆவியாய்ப் போய்க்கொண்டிருக்கும் மட்டும் உள்ளே ஈரம் இருக்கிறது, வெளிப்புறம் இன்னும் இறுகவில்லை. ஆவி குறைந்து ஏறக்குறைய நின்றுபோகும்போது வெளிப்புறம் மொறுமொறுப்பாகித் தானாகவே அச்சை விட்டுவிடும். இழுக்கத் தேவையில்லை. மூடி தடுத்தால், இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். மூன்று ஆண்டுகளில் பதிலை முன்கூட்டியே தீர்மானிக்காமல் நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அவன் சொன்னான். ஒட்டாவாவில் காலை உணவு மாத்திரம் விற்கும் ஒரு சிறிய உணவகத்தில் இரண்டரை ஆண்டுகளாக வேலை செய்கிறான். படிப்புக்கும் வாடகைக்கும் அந்தச் சம்பளம்தான். வார இறுதிகளில் காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கூட்டம் மிக அதிகம். அன்றைக்கு விடுமுறை கேட்க முடியாது.

ஞாயிறு காலையில் என்ன செய்கிறாய் என்று நூற்றுக்கும் மேற்பட்ட வாரங்கள் அவனிடம் கேட்டேன். தூங்குகிறான் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். என் மகன் விடியுமுன் எழுந்து, நெருப்பருகே நின்று, முன்பின் அறியாத மனிதருக்கு உணவு சமைத்துக்கொண்டிருந்தான்.

இதனால் எல்லாம் விளங்கிவிட்டது என்று உங்களுக்கு எழுதினால் அது உண்மையாயிராது. "வேலை மட்டும் காரணமில்லை, அப்பா. எனக்குள்ளே நிறையக் கேள்விகள் இருக்கு. அதுகளை உங்களிட்டக் கேக்கப் பயமாயிருந்தது" என்றும் அவன் சொன்னான். ஒரு போதகர் தன் பிள்ளையின் வாயிலிருந்து கேட்பதற்கு இதைவிட வேதனையான வார்த்தை வேறில்லை. நான் பதில் சொல்லத் தொடங்குமுன் மனைவி தட்டுகளை மேசையில் வைத்தாள். உட்கார்ந்தோம்.

மேசையிலே நம்முடைய சபைச் சகோதரர் ஒருவர் அந்த வருடத்துப் புதிய மேப்பிள் பாணி என்று கொண்டுவந்து தந்த போத்தல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நம்மில் பலர் அந்தச் சுவையை முதன்முறை அறிந்தபோது பனம்பாணியை நினைத்திருப்போம். அங்கே கருப்பநீரை இறக்கிக் காய்ச்சினோம். இங்கே மேப்பிள் மரத்தின் நீரைக் காய்ச்சுகிறார்கள். ஐரோப்பியர் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்னமே இங்குள்ள ஆதிக்குடி மக்கள் இதை அறிந்திருந்தார்கள். இன்றைக்கு உலகத்தின் மேப்பிள் பாணியில் மிகப் பெரும்பகுதி கியூபெக்கிலிருந்து வருகிறது. ஒன்ராறியோவிலும் பல மேப்பிள் தோப்புகள் உண்டு.

அந்த மரத்தைப்பற்றிச் சற்றே சிந்தியுங்கள். துளையிடத்தக்க பருமன் அடைவதற்கு அது ஏறக்குறைய நாற்பது வருடம் வளரவேண்டும். குளிர்காலம் முடிகிற சில வாரங்களில் மாத்திரமே நீர் ஓடும். இரவில் உறைநிலைக்குக் கீழும் பகலில் அதற்கு மேலும் வெப்பநிலை மாறி மாறி வரவேண்டும். குளிர் மாத்திரம் இருந்தாலும் ஓடாது, வெப்பம் மாத்திரம் இருந்தாலும் ஓடாது. துளையிலிருந்து சொட்டும் நீரை நாவில் வைத்தால் ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். அதிலே சீனி நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே. ஒரு லீற்றர் பாணிக்குச் சுமார் 40 லீற்றர் நீரைக் காய்ச்சவேண்டும். தண்ணீர் கொதிக்கும் நிலைக்கு மேலே இன்னும் நான்கு பாகை, அதாவது ஏறக்குறைய 104 பாகை செல்சியஸ் வரும்வரை அடுப்பை விட்டு அகல முடியாது. அடுத்த வருடம் அதே துளையைப் பயன்படுத்துவதில்லை. மரம் அந்தக் காயத்தைத் தானே மூடிக்கொள்ள விட்டுவிட்டு, வேறொரு இடத்தில் துளையிடுகிறார்கள்.

நான் மூன்று ஆண்டுகளாக ஒரே காயத்தில் துளையிட்டுக்கொண்டிருந்தேன்.

வாஃபிளுக்கும் நம்முடைய விசுவாசத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு என்பதையும் சொல்லட்டும். மத்திய கால ஐரோப்பாவிலே நீண்ட கைப்பிடிகள் கொண்ட இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே மாவை வைத்து நெருப்பில் சுட்டார்கள். அவ்வகை இரும்பில்தான் திருவிருந்துக்கான மெல்லிய அப்பமும் சுடப்பட்டது. சில தட்டுகளில் சிலுவையையும் வேதாகமக் காட்சிகளையும் செதுக்கினார்கள். சுவீடன் தேசத்திலே மார்ச் 25ஆம் தேதியை வாஃபிள் நாள் என்று அழைக்கிறார்கள். காபிரியேல் தூதன் மரியாளுக்குச் செய்தி சொன்னதை நினைவுகூரும் திருநாள் அது. அவர்கள் மொழியில் அந்தத் திருநாளின் பெயர் வாஃபிள் நாள் என்பதுபோல ஒலித்ததால், மக்கள் அன்றைக்கு வாஃபிள் சுடத் தொடங்கினார்கள். கர்த்தருடைய மேசையும் வீட்டு மேசையும் நாம் எண்ணுகிறதைவிட ஒன்றுக்கொன்று அருகில் இருக்கின்றன.

அந்த வாரத்து ஞாயிறு பிரசங்கத்திற்காக நான் ஆயத்தப்படுத்தியிருந்த பகுதி எதுவென்று உங்களுக்கு நினைவிருக்கலாம். யோவான் சுவிசேஷம் 21ஆம் அதிகாரம். பத்துப் பக்கம் குறிப்பெழுதி வைத்திருந்தேன். 153 மீன்களைப்பற்றியும், அன்பைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களைப்பற்றியும் எழுதியிருந்தேன். ஆனால் வாஃபிள் தட்டின் முன் உட்கார்ந்தபோதுதான் அந்த அதிகாரம் எனக்குத் திறந்தது.

பேதுரு ஆண்டவரை மூன்று முறை மறுதலித்தவன். அவன் மறுதலித்த இரவில் பிரதான ஆசாரியனின் முற்றத்திலே கரிநெருப்பு எரிந்துகொண்டிருந்தது என்று யோவான் 18:18 சொல்லுகிறது. திபேரியாக் கடற்கரையில் மறுபடியும் ஒரு கரிநெருப்பு. அந்தச் சொல் மூலமொழியிலே புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில் மாத்திரமே வருகிறது. இம்முறை நெருப்பை மூட்டியவர் ஆண்டவரே. அதிலே மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. இரவெல்லாம் உழைத்து ஒன்றும் அகப்படாமல் களைத்த மனிதரை உண்ண வரும்படி அழைக்கிறார்.

ஆண்டவரிடத்தில் பேதுருவுக்கான கேள்வி இல்லாமல் இல்லை. அது கூர்மையான கேள்வி. மூன்று முறை கேட்கப்படப் போகிற கேள்வி. ஆனால் அவர்கள் உண்டு முடித்த பிறகே அதைக் கேட்டார். ஈரமான உடையோடு, பசியோடு, குற்ற உணர்வோடு நின்றவனிடம் அதை அவர் கேட்கவில்லை. முதலில் அப்பத்தை எடுத்துக் கொடுத்தார். மரணத்தை ஜெயித்து எழுந்த ஆண்டவர் காலை உணவு சமைத்தார் என்பதை இத்தனை ஆண்டு ஊழியத்தில் நான் கதையின் முன்னுரையாகவே கடந்து போயிருக்கிறேன்.

லூக்கா 15இலும் இதைக் காண்கிறோம். அங்கே மனப்பாடம் செய்த வார்த்தைகளோடு வருகிறவன் மகன். தகப்பனிடம் ஆயத்தம் செய்த பேச்சு எதுவும் இல்லை. மகன் சொல்லி முடிக்கும் முன்னமே விருந்துக்குக் கட்டளையிடுகிறார். எங்கள் வீட்டிலோ தாளை எழுதி வைத்திருந்தவன் தகப்பனாகிய நான்.

உண்டு முடித்தோம். மகன் செய்த வாஃபிள் நன்றாயிருந்தது. நான் செய்தவை சுமாராயிருந்தன. அவன் என்னுடையதையே இரண்டாவதாகவும் எடுத்துக்கொண்டான். பிறகு நான் சொன்னேன்: "அன்றைக்கு ஆலய முற்றத்தில் நான் சொன்னது பிழை, தம்பி. இது உன்ரை வீடு. கோயிலுக்கு வந்தாலும் வராவிட்டாலும் இது உன்ரை வீடு. என்னை மன்னிச்சுக்கொள்." அவன் தலையைக் குனிந்துகொண்டு தட்டிலிருந்த பாணியை முள்ளுக்கரண்டியால் தடவிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "சரி, அப்பா" என்றான். அவ்வளவுதான்.

அன்று இரவே அவன் ஒட்டாவாவுக்குத் திரும்பிப் போனான். மறுநாள் ஞாயிறு அவனுக்கு வேலை. அவன் இன்னும் ஆராதனைக்கு வரவில்லை. வருவானென்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவும் இயலாது. ஆனால் சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அவனே அழைக்கிறான். இரண்டு வாரங்களுக்கு முன்பு தன்னுடைய கேள்விகளில் ஒன்றை என்னிடம் கேட்டான். கடினமான கேள்வி. உடனே பதில் சொல்ல என் நாவு துடித்தது. ஆவி நிற்கும் மட்டும் மூடியைத் திறக்கக் கூடாது என்பதை நினைத்துக்கொண்டு, "இன்னும் சொல்லு" என்றேன். நாற்பது நிமிடம் பேசினான்.

அன்பானவர்களே, உங்களில் சிலருடைய வீடுகளிலும் பேச்சு நின்றுபோன பிள்ளைகள் உண்டு என்று அறிவேன். வேறு சில வீடுகளில் பெற்றாரோடு பேசாத பிள்ளைகளாக நீங்களே இருக்கலாம். உடன்பிறந்தவரோடு, மைத்துனரோடு, இந்தச் சபையிலேயே ஒருவரோடொருவர் பேசாதிருப்பவர்களும் உண்டு. உங்கள் பக்கத்து நியாயங்களை நீங்களும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கலாம். அவை உண்மையாகவும் இருக்கலாம். இந்த வாரம் அந்தத் தாளை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர்களுக்கு ஏதாவது சமைத்துக் கொடுங்கள். வாஃபிளாக இருக்கவேண்டியதில்லை. புட்டாக இருக்கலாம், இடியப்பமும் சொதியுமாக இருக்கலாம். தொலைவில் இருந்தால், கேள்விக்குறி இல்லாத ஒரு செய்தியை அனுப்புங்கள். "இன்றைக்கு உன்னை நினைத்துக்கொண்டேன்" என்பது போதும்.

பேசவேண்டிய வேளை வரும். ஆண்டவரும் பேதுருவிடம் பேசாமல் விடவில்லை. ஆனால் முதலாவது, பசித்தவன் உண்ணட்டும்.

ஜெபம் செய்வோம்.

எங்கள் பரம தகப்பனே, நாங்கள் குற்றவாளிகளாய் நின்ற வேளையில் எங்களுக்காக மேசையை ஆயத்தப்படுத்தினவரே, உமக்கு ஸ்தோத்திரம். நாங்கள் அவசரமாய்த் திறந்து பிளந்துபோன உறவுகளை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். கேட்குமுன் கொடுக்கவும், பேசுமுன் காத்திருக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்களைவிட்டுத் தூரமாய்ப் போயிருக்கிற பிள்ளைகளை, அவர்கள் இருக்கிற இடத்திலேயே, நீர் சந்தித்துப் போஷித்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே வேண்டிக்கொள்ளுகிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கிருபையும் சமாதானமும் உங்கள் வீடுகளில் தங்கியிருப்பதாக.

உங்கள் ஊழியக்காரன்,
உங்கள் போதகர்